பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போது

கார் பழக்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரும் தங்கச்சிமாரும் என்னிடம் முதலில் கேட்பது, பக்கத்து இருக்கைக்குக் கீழே இருக்கும் அந்த இரண்டாவது பிரேக்கை எப்போது மிதிப்பது என்பதைத்தான். அதை நான் சொல்லித்தரத் தேவையில்லை. ஒரு மாதத்தில் உங்கள் காலுக்கே பழகிவிடும். ஆறு மாதம் போனால் வீட்டுச் சோபாவில் இருந்து தொலைக்காட்சி பார்க்கும்போதும் மிதிப்பீர்கள். மனைவி ஓட்டும் காரில் வெறும் தரையை மிதித்து மிதித்து அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

நான் சொல்ல நினைப்பது வேறு. உங்களோடு இருக்கும்போது தண்ணீர் போல ஓட்டுகிற ஒருவர், லைசென்ஸ் ரெஸ்ற் எடுக்கப் போனால் மட்டும் திரும்பத் திரும்பத் தவறிக்கொண்டு வருவார். அப்படி ஒருவர் உங்களுக்கும் வாய்ப்பார். அவரை என்ன செய்வது என்று தெரியாமல் நான் முழித்த கதையைத்தான் சொல்கிறேன். இதில் நான் கெட்டிக்காரனாக வருகிற இடங்கள் மிகக் குறைவு.

தொண்ணூறுகளின் நடுவில், கனடாவின் ஸ்காபரோவில் நான் இந்தத் தொழிலைத் தொடங்கியபோது எங்கள் சனத்துக்குக் கார் பழக்குவது என்றால் ரியூசன் கொடுப்பது போலத்தான். யாழ்ப்பாணத்தில் எப்படிப் படித்தோமோ அப்படியே பழக்கினோம். அங்கே கடந்த பத்து வருட வினாத்தாள்களைப் பாடமாக்கினால் பரீட்சை முடிந்த மாதிரி. இங்கே ரெஸ்ற் எடுக்கும் நிலையத்தைச் சுற்றியிருக்கும் தெருக்களைப் பாடமாக்கினால் லைசென்ஸ் கிடைத்த மாதிரி. எந்தத் தெருவில் திரும்பச் சொல்வார்கள், எங்கே பார்க்கிங் கேட்பார்கள், எந்தச் சந்தியில் ஸ்டொப் சைன் மரத்துக்குள் மறைந்திருக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். கொப்பியில் படம் கீறி, போட்டோக் கொப்பி எடுத்து, என் மாணவர்களுக்குக் கொடுத்தேன். ‘அவரிட்டைப் பழகினா ரூட் முழுக்கத் தெரியும்’ என்று ஊரில் பெயர் பரவியது. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்தப் பெயரைக் கேட்டுத்தான் கமலினி வந்தாள்.

அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது. ரூஜ் பகுதியில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில், கீழே பேஸ்மென்ரில் தனியாக இருந்தாள். விட்பியில் உள்ள முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் தற்காலிகமாக வேலை செய்துகொண்டிருந்தாள். காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கு ரூஜிலிருந்து விட்பிக்கு பஸ் பிடித்துப் போவதென்றால் முதல் நாளே புறப்பட வேண்டும். கூட வேலை செய்த ஒரு பிலிப்பைன்ஸ் பெண் அவளைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். அந்தப் பெண் கார்த்திகை முடிய வேறு நகரத்துக்குக் குடிபோக இருந்தாள். சமையலறைக்குப் பொறுப்பான அம்மாள் நல்லவர். மார்கழி முதலாம் திகதி முதல் வேலையை நிரந்தரமாக்கித் தருகிறேன், ஆனால் நீயாகவே வந்து சேர வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

நிரந்தர வேலைக் கடிதத்துக்காக அவள் தவித்ததற்குக் காரணம் இருந்தது. அவளுடைய அம்மாவும் தம்பியும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். பெடியனை வெளியே விட அம்மாவுக்குப் பயம்; உள்ளே வைத்திருக்கவும் பயம். பொலிசும் ஆமியும் சோதனை என்று வந்தால் அந்த வயதுத் தமிழ்ப் பெடியன்களைத்தான் முதலில் பிடித்து ஏற்றுவார்கள். இருவரையும் ஒன்றாக ஸ்பொன்சர் செய்து இங்கே கூப்பிட வேண்டும். அந்தக் கடிதம் இல்லாமல் விண்ணப்பம் போட முடியாது என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். தம்பிக்குப் பத்தொன்பது வயதாவதற்கு முன் விண்ணப்பம் போய்ச்சேர வேண்டும். பிந்தினால் அம்மாவின் பத்திரங்களில் அவனைச் சேர்க்க முடியாது. அம்மாவை மட்டும்தான் கூப்பிடலாம். அவனுக்கு வருகிற மாசியில் பத்தொன்பது.

இதையெல்லாம் அவள் முதல் நாள் சொல்லவில்லை. முதல் நாள் சொன்னது, “அண்ணை, எனக்குக் கெதியா லைசென்ஸ் வேணும்” என்பது மட்டும்தான். எல்லோரும் சொல்வதுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

பழக்கத் தொடங்கிய ஐந்தாவது நாளே அவள் நல்ல சாரதி என்று தெரிந்துவிட்டது. அவசரமில்லை, பதற்றமில்லை. கண்ணாடி பார்ப்பது, தோளுக்கு மேலால் திரும்பிப் பார்ப்பது எல்லாம் ஒருமுறை சொன்னால் போதும். பனிக்காலம் தொடங்குவதற்கு முன் முடித்துவிடலாம் என்று புரட்டாதியில் ரெஸ்ற்றுக்குக் கொண்டுபோனேன். தவறிவிட்டாள்.

பரீட்சகர் கொடுத்த தாளை வாங்கிப் பார்த்தேன். காரணமில்லாமல் வேகம் குறைத்தார், காரணமில்லாமல் நிறுத்தினார், மற்ற வாகனங்களுக்கு இடைஞ்சல் என்று எழுதியிருந்தது. எனக்கு நம்ப முடியவில்லை. என்னோடு ஓட்டும்போது ஒருநாளும் அவள் அப்படி நிறுத்தியதில்லை.

“என்ன பிள்ளை நடந்தது?”

“தெரியேல்லை அண்ணை. கால் நிண்டிட்டுது.”

முதல்முறை எல்லோருக்கும் வருகிற நடுக்கம் என்று சொல்லித் தேற்றினேன். இரண்டாம் முறை கொண்டுபோனேன். அதே தாள், அதே எழுத்து. நடுத்தெருவில், பச்சை விளக்கில், பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்க, கார் நின்றுவிட்டதாம்.

இப்போது என் தலைக்கனம் வேலை செய்யத் தொடங்கியது. பாடமாக்கினது போதாது என்று முடிவு செய்தேன். அடுத்த மூன்று வாரமும் அந்த நிலையத்தைச் சுற்றியே ஓட விட்டேன். செக்கு மாடு கூட எங்களைப் பார்த்திருந்தால் இரக்கப்பட்டிருக்கும். கண்ணை மூடிக்கொண்டும் ஓட்டுவாள் என்ற நிலைக்கு வந்த பிறகு மூன்றாம் முறை அனுப்பினேன். இந்த முறை பரீட்சகர் இடதுபக்கம் திரும்பச் சொல்ல, அவள் நான் பாடமாக்கிக் கொடுத்தபடி வலதுபக்கம் திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு இடத்தில் நிறுத்தியும் இருக்கிறாள். முன்பு ஒரு குறைதான் இருந்தது. நான் உழைத்து அதை இரண்டாக்கிக் கொடுத்திருந்தேன்.

அன்று திரும்பி வரும்போது அவளை ஓட்ட விடாமல் நானே ஓட்டிவந்தேன். எனக்குக் கோபம். அவள் மேல் என்று அப்போது நினைத்தேன்.

“பிள்ளை, நான் ஒண்டு சொன்னா கோவிக்கக் கூடாது. சில பேருக்குக் கார் சரிவராது. உமக்கும் சரிவராது போல கிடக்கு. வீணா ஏன் மினக்கெடுவான்?”

அவள் கோபிக்கவில்லை, அழவுமில்லை. “சரி அண்ணை” என்றாள். இறங்கும்போதுதான் அம்மா, தம்பி, லொட்ஜ், மாசி மாதம் எல்லாவற்றையும் சொன்னாள். முறையிடுவது போலச் சொல்லவில்லை. இவ்வளவு நாளும் பழக்கின மனிதருக்கு ஒரு விளக்கம் கொடுக்க வேண்டும் என்பது போல, கதவைத் திறந்துபிடித்தபடி சொன்னாள். பிறகு, “உங்களுக்கு நல்லா ஆக்கினை குடுத்திட்டன்” என்று மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனாள்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, நான் வெட்கப்பட்டுச் சொல்கிறேன். இந்தத் தொழிலில் நான் செய்த பெரிய பிழை விபத்தில்லை. ‘உமக்குச் சரிவராது’ என்று சொன்ன அந்த ஒரு வசனம்தான். எனக்குச் சொல்லித்தரத் தெரியவில்லை என்பதை அவளுடைய குறையாக்கி அவள் தலையில் கட்டிவிட்டேன். அவளும் அதை ஏற்றுக்கொண்டு போனாள்.

ரெஸ்ற் நிலையத்துக்கு எதிரே ஒரு டோனட் கடை இருந்தது. எங்கள் ஆட்கள் உள்ளே ரெஸ்ற் எடுக்கும்போது நாங்கள் பழக்குகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் இருப்போம். நான் விஷயத்தை எடுத்தேன். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர், ரெஸ்ற்றுக்கு முதல் றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் கூட்டிக்கொண்டு போ என்றார். கூட்டிக்கொண்டு போயிருந்தேன், மூன்று முறையும் நெற்றியில் திருநீறோடுதான் தவறினாள். இன்னொருவர், தூரத்து ஊர் ஒன்றுக்குக் கொண்டுபோ, அங்கே தெருவுமில்லை சனமுமில்லை, கண்ணை மூடிக்கொண்டு பாஸ் பண்ணுவார்கள் என்றார். அது அப்போது எல்லோரும் செய்த வேலைதான். நானும் அரைமனதாக அதற்குத் தயாராகிவிட்டேன்.

மூலையில் ஜமேக்காவிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தார். எங்கள் எல்லோருக்கும் முன்பே இந்தத் தொழிலுக்கு வந்தவர். பெயர் எழுதினால் பிடிக்காது, அதனால் விடுகிறேன். அதிகம் பேசமாட்டார். அன்று கோப்பியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

“அவள் எப்படி ஓட்டுகிறாள் என்று உனக்குத் தெரியுமா?”

“தெரியாமல்? நாற்பது மணித்தியாலம் பக்கத்தில் இருந்திருக்கிறேன்.”

“உன் பக்கத்தில் எப்படி ஓட்டுகிறாள் என்றுதான் தெரியும். வேறு ஆளுக்குப் பக்கத்தில் ஓட்டும்போது பார்த்திருக்கிறாயா? நீ ஒருநாளாவது பின்சீட்டில் இருந்திருக்கிறாயா?”

இருந்ததில்லை. எங்களில் ஒருவரும் இருந்ததில்லை.

அடுத்த நாள் கமலினியின் வீட்டுக்குப் போனேன். வரமாட்டேன் என்றாள். “நீங்கள்தானே அண்ணை சரிவராது எண்டனீங்கள்?” நான் சொன்னது பிழை என்றும், எனக்காக ஒரேயொரு முறை வர வேண்டும் என்றும் கேட்டேன். மாணவியிடம் மன்னிப்புக் கேட்பது அதுதான் எனக்கு முதல்தடவை. நாக்கு லேசில் புரளவில்லை.

ஜமேக்காப் பெண் பரீட்சகர் போல முன்சீட்டில் இருந்தார். மடியில் அட்டை, அட்டையில் தாள், கையில் பேனா. நான் பின்சீட்டில் ஒரு மூலைக்குள் ஒடுங்கிக்கொண்டேன். கமலினி காரை எடுத்தாள். முதல் தெரு பிசகில்லை. இரண்டாவது தெருவில் ஜமேக்காப் பெண் குனிந்து ஏதோ எழுதினார். கார் மெதுவானது. அவர் பேனாவைத் தூக்கினார், கார் வேகம் பிடித்தது. மறுபடி எழுதினார், மறுபடி மெதுவானது. நடுவில் ஒருமுறை அவர் நீளமாக ஏதோ எழுதத் தொடங்க, கார் அப்படியே நின்றுவிட்டது. முன்னால் தெரு வெறுமையாக இருந்தது.

பின்னால் இருந்து பார்க்கும்போது தெளிவாகத் தெரிந்தது. அவள் தெருவைப் பார்க்கவில்லை. பேனாவைப் பார்த்தாள். எழுதி முடியும்வரை காத்துக்கொண்டு நின்றாள்.

நான் ஒருநாளும் காருக்குள் எழுதியதில்லை. என் வழக்கம் வாயால் சொல்வது. நாற்பது மணித்தியாலத்தில் அவளுக்குப் பக்கத்தில் ஒருமுறை கூட நான் பேனா எடுக்கவில்லை. அதனால்தான் என்னோடு தண்ணீர் போல ஓட்டியிருக்கிறாள்.

ஒரு பிளாசாவின் பார்க்கிங்கில் காரை நிறுத்தச் சொன்னேன். ஜமேக்காப் பெண் தேநீர் வாங்கி வருகிறேன் என்று மெல்ல இறங்கிப் போனார். எங்களுக்குள் பேச இடம்விட்டுப் போகிறார் என்று விளங்கியது.

“பிள்ளை, அவ எழுதேக்கை ஏன் நிப்பாட்டுறீர்?”

ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்காமலே சொன்னாள்.

“நானும் பெரியண்ணாவும் சைக்கிளில வந்தனாங்கள் அண்ணை. ஆமிச் சென்றியில எல்லாரும் இறங்கி உருட்டிக்கொண்டுதானே போறது. மற்ற நாளெல்லாம் போ போ எண்டு விடுறவங்கள். அண்டைக்கு ஒருத்தன் கொப்பியோட இருந்தவன். பேரைக் கேட்டான், ஊரைக் கேட்டான், எழுதினான். நான் சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு ஆடாமல் அசையாமல் நிண்டனான். ஆடினாத்தான் பிழை எண்டு நினைச்சன். எழுதி முடிச்சுப்போட்டு போகச் சொன்னான். விடியப் பேரோட வந்தாங்கள்.”

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. பெரியண்ணா திரும்பி வந்தாரா என்று நானும் கேட்கவில்லை. கேட்காமலே எங்களுக்குத் தெரிகிற விஷயம் அது.

இப்படி ஒன்றைச் சுமந்துகொண்டிருந்த பிள்ளைக்குத்தான் நான் தெருப் படம் கீறிக் கொடுத்திருந்தேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “இது அந்த எழுத்தில்லைப் பிள்ளை. இஞ்சை அவன் எழுதுறது சிக்னல் போட்டனீரோ எண்டுதான்” என்றேன்.

“தெரியும் அண்ணை. எனக்கு வடிவாத் தெரியும். காலுக்குத்தான் தெரியேல்லை.”

கார்த்திகை முடிய மூன்று வாரம் இருந்தது. நான்காவது ரெஸ்ற்றுக்கு நாள் எடுத்தாயிற்று. அதற்கிடையில் எங்களுக்கு எட்டுப் பாடம்தான் கிடைத்தது. வழமையான வழி என்ன? எட்டுப் பாடமும் பக்கத்தில் யாரையாவது எழுத வைத்து, பழகப் பழகப் பயம் போகும் என்று அவளை ஓட வைப்பது. ஜமேக்காப் பெண்ணும் நானும் அதைச் செய்து பார்த்தோம். ஒரு பாடம் போனது. அவள் வியர்த்து நனைந்து, இறங்கியதும் வாந்தி எடுத்தாள். பழகுவதற்குப் பதிலாகப் பயம் ஊறுகிறது என்று தெரிந்தது.

அன்று வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டு யோசித்தேன். தூரத்து ஊருக்குக் கொண்டுபோகலாமா? எந்த ஊருக்குப் போனாலும் பரீட்சகர் கையில் பேனா இருக்கும். எழுதாமல் இருங்கள் என்று பரீட்சகரைக் கேட்கலாமா? கேட்டால் சிரிப்பார். அப்போதுதான், கேள்வியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். அவளுடைய வாழ்க்கையில் பேனா எப்போதும் எதிர்ப்பக்கத்தில் இருந்திருக்கிறது. அதை எடுத்து அவள் கையில் கொடுத்தால்?

அடுத்த பாடத்துக்குப் போனதும் அவளை ஸ்டியரிங்கைத் தொட விடவில்லை. பக்கத்துச் சீட்டில் இருக்கச் சொல்லி, அட்டையையும் தாளையும் பேனாவையும் நீட்டினேன்.

“இண்டைக்கு நீர்தான் பரீட்சகர். நான் ஓடுறன். பிழையைப் பாத்து எழுதும்.”

“விசரோ அண்ணை? நாள் போகுது.”

“போகட்டும். எழுதும்.”

முதல் பத்து நிமிடம் பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். நான் வேண்டுமென்றே ஒரு ஸ்டொப் சைனில் முழுதாக நிற்காமல் உருட்டிக்கொண்டு போனேன். அவள் கை நெளிந்தது. அடுத்த சந்தியிலும் உருட்டினேன். “அண்ணை, நீங்கள் நிக்கேல்லை!” என்று கத்தினாள். “அப்ப எழுதுமன்” என்றேன். எழுதினாள். எழுத எழுத எனக்குக் கலக்கம் வந்தது. அதற்குப் பிறகு நான் வேண்டுமென்றே விட்ட பிழை ஒன்றுமில்லை. ஆனால் அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். ஒரு கையால் ஸ்டியரிங் பிடித்தது, லேன் மாறும்போது திரும்பிப் பார்க்காதது, ஓட்டிக்கொண்டே அவளோடு பகிடி விட்டது எல்லாம் தாளில் ஏறியது. கடைசியில் கூட்டிப் பார்த்தாள்.

“அண்ணை, நீங்கள் ஃபெயில்.”

அவள் சிரித்து நான் அன்றுதான் முதலில் கண்டேன்.

அதற்குப் பிறகு மற்ற மாணவர்களின் மாதிரி ரெஸ்ற்றுக்கும் அவர்களைக் கேட்டு அவளை முன்சீட்டில் வைத்தேன். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற கணித வாத்தியார். மாஸ்ரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நாற்பது வருடம் மற்றவர்களுக்குப் புள்ளி போட்ட மனிதர். ஏறும்போது சரி என்றவர், கமலினி இரண்டு தரம் கீறியதும் வெடித்தார்.

“ஆர் உந்தப் பிள்ளை எனக்கு மார்க்ஸ் போட?”

“மாஸ்ரர், நீங்கள் சிவப்பில வலப்பக்கம் திரும்பேக்கை நிக்கேல்லை” என்றாள் அவள், தாளில் இருந்து தலையைத் தூக்காமல்.

மாஸ்ரர் அடுத்த சிவப்பில் முழுதாக நிறுத்தினார். நாற்பது வருடம் தான் பேசிய தொனியை அவர் அவள் பேச்சில் அடையாளம் கண்டிருக்க வேண்டும்.

டோனட் கடையில் எனக்கு நல்ல கிழி விழுந்தது. ரெஸ்ற்றுக்கு நாள் நெருங்குகிறது, பிள்ளையை ஓட விடாமல் இவன் அருகில் இருத்தி ஊர் சுற்றுகிறான் என்றார்கள். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். எனக்கே விடியற்காலைகளில் விழிப்பு வந்துவிடும். எட்டுப் பாடத்தில் ஐந்து போய்விட்டது. அதில் நாலில் அவள் காரை ஓட்டவே இல்லை. நான் பிழைவிட்டால் ஒரு லைசென்ஸ் மட்டும் போகாது. கொழும்பு லொட்ஜில் ஒரு பெடியன் தனியாக மிஞ்சுவான். இந்த இடத்தில்தான் நீங்களும் தடுமாறுவீர்கள். எல்லோரும் செய்கிறதைச் செய்து தோற்றால் ஒருவரும் உங்களைக் கேட்கமாட்டார்கள். புதிதாக ஒன்றைச் செய்து தோற்றால் ஊரே கேட்கும். அந்தப் பயத்தில்தான் பலர் பழைய வழியிலேயே தோற்றுக்கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் மூன்று முறை தோற்றேன்.

ஐந்தாவது பாடம் முடிய அவளாகவே ஒன்று சொன்னாள்.

“எழுதிறவைக்கும் பாவம் அண்ணை, சரியான வேலை. தெருவின்ரை பேர் எழுதவேணும், நேரம் எழுதவேணும், குனிஞ்சு நிமிர முதல் அடுத்த சந்தி வந்திடும். பாதி எழுத்து ஒருத்தரைப் பற்றியுமில்லை.”

அதைக் கேட்டதும்தான் அவளை ஸ்டியரிங்குக்கு விட்டேன். பக்கத்தில் யாரை எழுத வைப்பது என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. மாஸ்ரர் தானாக வந்தார், சட்டைப் பையில் சிவப்புப் பேனாவோடு. பழைய கணக்கைத் தீர்க்க வந்தவர் போல எழுதினார். இலைகள் கொட்டிய தெருவில் மரங்களை எண்ணினாரோ என்னவோ, பேனா ஓயவேயில்லை. முதல் தடவை அவர் குனிந்தபோது கார் கொஞ்சம் தயங்கியது. கமலினி ஒருதரம் அந்தப் பேனாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“மாஸ்ரர், உதில என்ன எழுதுறீங்கள்?”

“வேகம் குறைச்சது.”

“ஓம், குறைச்சனான்தான்” என்று சொல்லிவிட்டு வேகத்தைக் கூட்டினாள்.

கடைசி இரண்டு பாடமும் அப்படியே போயின. முழுதாகச் சுகமாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். இடையிடையே அவள் தோள் இறுகியதைப் பின்னால் இருந்து கண்டேன். ஆனால் கார் நிற்கவில்லை.

ரெஸ்ற் அன்று முதல் பனி தூவியிருந்தது. பரீட்சகர் கொஞ்சம் வயதான மனிதர், ஏறியதுமே எழுதத் தொடங்கிவிட்டார். நான் நிலையத்தின் கண்ணாடிக்குப் பின்னால் நின்று அவர்கள் போவதைப் பார்த்தேன். இருபது நிமிடத்தில் வர வேண்டியவர்கள் இருபத்தைந்து நிமிடமாகியும் வரவில்லை. எங்கோ நடுத்தெருவில் நிற்கிறாள் என்று என் மனம் சொன்னது. ‘அட முட்டாளே, அவளை ஓட விட்டிருக்கலாமே’ என்று என்னை நானே திட்டினேன். பிறகு கார் திரும்பி வந்தது. ஒழுங்காகப் பார்க் பண்ணினாள். பரீட்சகர் இறங்கவில்லை. குனிந்து எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டேயிருந்தார். அவள் அவர் எழுதுவதை, கடையில் துணி வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது போல அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் இறங்கிப் போனதும் நான் ஓடிப்போனேன். பனியில் சறுக்கி ஒருமுறை விழவும் பார்த்தேன்.

“என்ன பிள்ளை?”

தாளை வாசித்துக்கொண்டே, “ரெண்டு இடத்தில பிழை விட்டிருக்கிறன் அண்ணை. சரியாத்தான் போட்டிருக்கிறார்” என்றாள்.

“அது கிடக்கட்டும். பாஸோ ஃபெயிலோ?”

“பாஸ்” என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். நானும் அழுதேன். ஜமேக்காப் பெண் எதிர்க் கடையின் வாசலில் கோப்பியோடு நின்று எங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார்.

மார்கழி முதலாம் திகதி அவள் விட்பிக்குத் தானே ஓட்டிக்கொண்டு போனாள். தை மாதம் விண்ணப்பம் போனது, தம்பியின் பெயரும் சேர்த்து.

நான் பின்சீட்டில் இருக்கும் பழக்கத்தை அதற்குப் பிறகு விடவில்லை. யாராவது இரண்டு முறை தவறினால் மூன்றாம் முறை அனுப்ப முன் வேறொருவரை முன்னால் இருத்தி, நான் பின்னால் போய்விடுவேன். அங்கிருந்து நான் கண்டவற்றை எழுதினால் புத்தகமாகும். ரெஸ்ற் அன்று மாமியார் காருக்குள் கொளுத்திவைக்கும் ஊதுபத்தியின் வாசத்துக்குத் தலைசுற்றியவர் இருந்தார். ஆங்கிலம் விளங்காததை மறைக்க எல்லாவற்றுக்கும் ‘யெஸ்’ சொல்லிச் சுவரில் இடிக்கப் போனவர் இருந்தார். ஒருவருக்கும் வேண்டியிருந்தது இன்னொரு ரூட் படமில்லை. போட்டோக் கொப்பி எடுப்பதை நிறுத்திவிட்டேன்.

ஒன்றரை வருடம் கழித்து ஒருநாள் கமலினி தொலைபேசியில் கூப்பிட்டாள். அம்மாவும் தம்பியும் அன்று வந்திறங்குகிறார்கள், பெட்டி தூக்க ஆள் இல்லை, வர முடியுமா என்று கேட்டாள். நான் என் காரை எடுக்கப் போக, “வேண்டாம் அண்ணை, நான் ஓடுறன். நீங்கள் சும்மா வாங்கோ” என்றாள்.

விமானநிலையத்திலிருந்து திரும்பி வரும்போது அம்மாவும் நானும் பின்னால் இருந்தோம். அம்மா மகளின் தலையையே பார்த்துக்கொண்டு வந்தார். தம்பி முன்னால் இருந்தான், மெலிந்த உயர்ந்த பெடியன். வானத்தையும் பாலங்களையும் அகன்ற தெருவையும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு வந்தவன், திடீரென்று குனிந்தான். எங்களுக்கு வலப்பக்கத்து லேனில் ஒரு பொலிஸ் கார் சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்தது. அவன் கை சட்டைப் பைக்குள் போய்க் கடவுச்சீட்டை எடுத்தது. படம் இருக்கும் பக்கத்தைத் திறந்து, ஜன்னல் கண்ணாடிக்கு நேரே நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் அப்படியே இருந்தான்.

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

கமலினி தெருவில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தம்பி, உதை உள்ளுக்கை வை.”

“பேர் கேட்டா அக்கா?”

“கேட்டா நான் சொல்லுவன். நான்தானே ஓடுறன்.”

அவன் கொஞ்ச நேரம் அக்காவின் முகத்தைப் பார்த்தான். பிறகு கடவுச்சீட்டை மூடிப் பைக்குள் வைத்தான். அவள் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி, அந்தப் பொலிஸ் காரைக் கடந்து, கண்ணாடி பார்த்து, தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்து, சிக்னல் போட்டு அதற்கு முன்னால் போய் லேன் மாறினாள். நான் பின்னால் இருந்து எட்டி வேகத்தைப் பார்த்தேன். சட்டப்படிதான் போய்க்கொண்டிருந்தாள்.